பில்லியர்ட்ஸ் அறை: டேபிளுக்கு முன் அறையை அளந்துகொள்ளுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பில்லியர்ட்ஸ் அறை அமைக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது டேபிள் விலை. நாங்கள் திருப்பிக் கேட்பது அறையின் நீள அகலம். டேபிள் வந்து இறங்கிய பிறகு சுவரைத் தள்ளி வைக்க முடியாதே!

கணக்கு சுலபம்தான். பில்லியர்ட்ஸ் வகைகளில் ஒன்றான பூல் ஆட்டத்துக்கு, 8 அடி டேபிளில் பந்து உருளும் இடம் 88 அங்குலத்துக்கு 44. பந்தை அடிக்கும் கோலான கியூ 58 அங்குலம். பந்து டேபிள் விளிம்பின் ரப்பர் குஷனை ஒட்டி நின்றாலும் கியூவைப் பின்னுக்கு இழுத்துத்தான் அடிக்க வேண்டும். அதனால் நாலு பக்கமும் ஒரு கியூ நீளம், கைவீச்சுக்கு மேலும் அரை அடி. ஆக, அறை 18 அடிக்குச் சுமார் பதினாலரை அடி. சுவரிலிருந்து துருத்தும் தூணையும் உள்பக்கம் திறக்கும் கதவையும் கழித்துவிட்டு அளந்துபாருங்கள். இடம் பற்றாவிட்டால் குட்டைக் கியூவை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஒரு மூலையில் மட்டும் இடித்தால் சரி. எல்லாப் பக்கமும் இடித்தால் ஆட்டமே சலித்துவிடும். அதற்கு 7 அடி டேபிளே மேல்.

இன்னொரு வகையான ஸ்னூக்கருக்கு உரிய 12 அடி டேபிளுக்கு 22க்கு 16 அடி அறை வேண்டும். ஸ்னூக்கர் விதிகள் 1880களில் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டவை. அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம். ஆனால் அந்த டேபிளின் எடை ஒரு டன்னைத் தாண்டும். மாடியில் போடுவதென்றால் இன்ஜினீயரிடம் கேட்காமல் நாங்கள் ஆர்டர் எடுப்பதில்லை.

வீடு இப்போதுதான் கட்டுகிறீர்களா? அப்படியானால் தளம் போடும்முன் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள். வழக்கம்போல நட்டநடுவில் ஃபேன் பாக்ஸ் வைத்துவிடுவார். அந்த இடம் விளக்குக்கு வேண்டும். டேபிளின் நீளத்துக்கு, டேபிள்மேல் விரித்த துணியிலிருந்து சுமார் மூன்றடி உயரத்தில் விளக்கு தொங்கினால் பந்தின் நிழல் ஒரு பக்கமாக நீளாது. ஃபேனை ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஏசியும் டேபிளுக்கு நேர் மேலே வேண்டாம். ஒருநாள் தண்ணீர் சொட்டினாலும் துணியில் கறை நின்றுவிடும்.

டேபிளின் ஸ்லேட் கல் துண்டுகளாகத்தான் வரும். ஃபிட்டர் ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, இணைப்புகளை மெழுகால் அடைத்து, அதன்மேல் துணியை இழுத்துக் கட்டுவார். அப்புறம் பெருக்குவதற்காகக்கூட டேபிளை நகர்த்தாதீர்கள், சமன் போய்விடும். கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றால் துணி கனத்துப் பந்து மந்தமாக ஓடும். ஆடி முடித்ததும் பிரஷ் போட்டு, உறையால் மூடுங்கள்.

அறையின் அளவு, கதவு, தூண், படிக்கட்டின் அகலம், இவற்றை ஒரு தாளில் வரைந்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். எந்த டேபிள் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறோம். எதுவும் பொருந்தாதென்றால் அதையும் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்