புக்ஸ்டெஹூடவுக்கு ஒரு வரி போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யோகான் செபாஸ்தியன் பாக் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். அதில், வட ஜெர்மனியின் லூபெக் நகர ஆலயத்தில் ஆர்கன் வாசித்த மூத்த இசைமேதை டீட்ரிக் புக்ஸ்டெஹூடவுக்குக் கிடைத்தது ஒரே வரி. தம் மகளைக் கட்டிக்கொள்பவருக்கே தம் ஆர்கன் பதவி என்று அவர் அடம்பிடித்தாராம். அதைக் கேட்டு பாக் ஓடிவந்துவிட்டாராம்.

1703 ஆகஸ்டில் ஹாம்பர்கிலிருந்து லூபெக் சென்ற இளம் இசைக்கலைஞர்கள் மாத்தேசனும் ஹேண்டலும் அந்த நிபந்தனையில் நாட்டமின்றித் திரும்பியதை மாத்தேசனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் பாக்கிடம் அப்படிப் பேசியதாகவோ அவர் மறுத்ததாகவோ ஆவணம் எதுவும் இல்லை. ஹேண்டலின் கதையைப் பின்னால் வந்தவர்கள் பாக்கின் தலையிலும் கட்டிவிட்டார்கள். தவிர, பதவியில் இருந்தவர் இறந்தால் அவர் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடாதிருக்க, அடுத்து வருபவர் அந்த வீட்டுப் பெண்ணை மணப்பது அன்றைய வட ஜெர்மனியில் புதிதல்ல. டென்மார்க்கின் ஹெல்சிங்கோரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த புக்ஸ்டெஹூட, 1668-இல் லூபெக்கின் புனித மரியாள் ஆலயத்தில் ஃபிரான்ஸ் டுண்டரின் இடத்துக்கு வந்ததும் அதே ஆண்டில் டுண்டரின் மகளைத்தான் மணந்தார். 1707-இல் அவர் காலமானபின் பதவிக்கு வந்த ஷீஃபர்டெக்கரும் அவர் மகளை மணந்துகொண்டார். இதை ஒரு கிழவரின் விபரீத ஆசையாகச் சித்திரிப்பது நியாயமல்ல.

அவருடைய வேலை ஆர்கன் வாசிப்பதோடு முடியவில்லை. ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கை எழுதும் பொறுப்பும் அவருடையதே. அந்தக் கைதான், வணிகர்களிடம் நன்கொடை திரட்டி, கட்டணம் இல்லாமல் ஊரார் கேட்கும்படி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஐந்து ஞாயிறு மாலைகளில் 'ஆபெண்ட்மூசிக்' என்னும் கச்சேரிகளையும் நடத்தியது. அரசவையின் தயவில் அல்லாமல் கடைவீதிப் பணத்தில் நடந்த இசை அது. வழிபாட்டின் பகுதியாக இல்லாமல் தனித்து நடந்த இக்கச்சேரிகளுக்காக அவர் எழுதிய பெரிய படைப்புகளில் சிலவற்றின் பாடல் வரிகள் மட்டுமே எஞ்சியுள்ளன, இசை தொலைந்துவிட்டது.

எஞ்சியவற்றில் டி மைனர் பஸகாலியா என்னும் ஆர்கன் படைப்பை மட்டுமாவது கட்டுரையாளர் கேட்க வேண்டுகிறேன். கால்கட்டைகளில் ஏழு சுரங்கள் கொண்ட சிறு வரி ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. கைகள் அதன்மேல் ஒவ்வொரு முறையும் வேறொன்றைப் பின்னுகின்றன. நான்கு பகுதிகள், பகுதிக்கு ஏழு முறை, ஆக 28 சுற்று. நடுவில் எஃப் மேஜருக்கும் ஏ மைனருக்கும் போய்விட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. கணக்கு இவ்வளவு கறாராக இருந்தும் கேட்கும்போது அது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நான் எண்ணிப் பார்த்ததே நாலைந்து முறை கேட்ட பிறகுதான்.

1705-இல் இருபது வயது பாக், நான்கு வார விடுப்பில், தாம் ஆலய ஆர்கன் வாசித்துவந்த ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே லூபெக் சென்று, ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத் திரும்பினார். எதற்காக என்று மேலிடம் விசாரித்தபோது, தம் கலையில் சிலவற்றைக் கற்கவே போனதாகப் பதில் சொன்னார். அது திடீர் ஆசையும் அல்ல: பாக் சிறுவனாக இருந்தபோதே தம் கையால் படியெடுத்த புக்ஸ்டெஹூடவின் ஆர்கன் படைப்பொன்று 2006-இல் வைமர் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளை, அத்தனை நீளமான கடினமான இசையை வரி வரியாக எழுதி வைத்திருக்கிறான்!

லூபெக்கில் புக்ஸ்டெஹூட வாசித்த ஆர்கன்களில் ஒன்று 1942 மார்ச் குண்டுவீச்சில் ஆலயத்தோடு எரிந்துபோனது. அவருடைய குரலிசைப் படைப்புகள் பலவும் நமக்குக் கிடைத்திருப்பது, ஸ்டாக்ஹோமில் இருந்த அவர் நண்பர் குஸ்தாவ் டியூபன் அவற்றைச் சேர்த்து வைத்ததால்தான். அத்தொகுப்பு இன்று உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பாக் ஓடிவந்தார் என்ற வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்