பேரேட்டுக்குள் இருக்கும் சேர்மன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பேரேட்டுப் படங்கள் வந்தன. தூத்துக்குடிப் பஞ்சு வியாபாரி ஒருவர் நகராட்சிக் கவுன்சிலராகி, பிறகு சேர்மனான கதையை எழுதப் போகிறாய். சந்தோஷம். ஆனால் ஏட்டி, வெள்ளைக்கார அரசு கொடுத்த 'ராவ் பகதூர்' பட்டத்திலிருந்து தொடங்கிவிடாதே. பட்டம் கடைசியில் வந்தது. அவரைச் சேர்மனாக்கியது இந்தக் கணக்குதான்.

முதலில் தேதியைச் சரிசெய். நீ அனுப்பிய பக்கத்தின் தலைப்பில் ௲௮௰௨ என்று இருக்கிறது. ௲ ஆயிரம், ௮ எட்டு, ௰ பத்து, ௨ இரண்டு, ஆக 1082. இது கொல்லம் ஆண்டு, நம்ம பக்கத்தில் ஆவணியில் பிறப்பது. ஆங்கில ஆண்டு வேண்டுமானால் ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824 கூட்டு. அதற்குப் பிறகு ஆடி முடிய 825. அப்படியானால் 1082 ஐப்பசி 1906-ல் வரும், அதே 1082-ன் சித்திரை 1907-க்குப் போய்விடும். எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. சரிபார்க்க வழி உண்டு: பக்கத்தில் தமிழ் வருஷப் பெயர் இருந்தால் ஐப்பசிக்குப் பராபவ என்றும் அடுத்த சித்திரைக்குப் பிலவங்க என்றும் இருக்க வேண்டும்.

இந்த ஒரு வருஷ வித்தியாசம் சின்ன விஷயமில்லை. சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். உன் வியாபாரி கப்பல் பங்குக்குப் பணம் கட்டிய வரி ஐப்பசியில் இருந்தால், அவர் வ.உ.சி.யோடு தொடக்கத்திலேயே நின்றவர். தேதியைத் தப்பாகப் போட்டால் கூட்டம் சேர்ந்தபின் வந்தவராகிவிடுவார். தொகை 25-ன் மடங்காக இல்லையென்றால் அது முழுப் பங்குப் பணமாக இருக்காது. தவணையா, வேறு வரவா என்று பார்.

பஞ்சு விலையை எழுதும்போது கண்டி என்ற எடையளவைப் பார்த்துக்கொள். சென்னைக் கண்டி 500 ராத்தல் (பவுண்டு), பம்பாய்க் கண்டி 784 ராத்தல். இரண்டையும் ஒப்பிட்டு, 'தூத்துக்குடியில் விலை அடிமாட்டு மலிவு' என்று எழுதிவிடாதே. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. கால்குலேட்டரில் புள்ளி வைத்துக் கூட்டினால் கணக்கு உதைக்கும். 'தோணிக் கூலி' என்று வருவது கப்பல் கட்டணமில்லை. அந்தக் காலத்தில் கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். பொதியைத் தோணியில்தான் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

அரசியல் எந்த வரியில் தொடங்குகிறது தெரியுமா? மகமை. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒதுக்கும் பணம். அதை யார் வசூலித்தார், யார் கையில் இருந்தது என்று தேடு. மகமைப் பணம் எவர் பொறுப்பிலோ, ஊர்ப் பஞ்சாயத்தும் அவர் வாசலில்தான் கூடும். அங்கிருந்து நகராட்சிக்கு ஓர் எட்டுதான்.

தூத்துக்குடி நகராட்சி 1866-ல் வந்தது. முதலில் நியமனம்தான். 1884 சட்டத்துக்குப் பிறகு தேர்தல் பரவியது. அதிலும் வரி கட்டியவருக்குத்தான் ஓட்டு. ஆகவே வீட்டு வரி ரசீதையும் தொழில் வரி ரசீதையும் குப்பையென்று ஒதுக்காதே. அவருடைய அரசியல் காகிதங்களே அவைதான். தேர்தல் வருஷத்தில் வீடோ மனையோ வாங்கினாரா என்று சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் பார்க்கலாம். உயில் பதிவாகியிருந்தால் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்தபின் யார் கேட்டாலும் நகல் தருவார்கள். பெயர் அகரவரிசையில் பர்னாந்து மாதிரிப் பெயரைப் பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் என்று எல்லா எழுத்திலும் தேடு. ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டு இருக்கும்.

திருநெல்வேலி நகராட்சிப் பழைய பதிவுகள் அகப்படாவிட்டால் ரொம்ப அலையாதே. 1908 மார்ச் 13 கலவரத்தில் அந்த அலுவலகத்துக்கே தீ வைத்தார்கள்.

தூத்துக்குடிச் சேர்மனாக இருந்த குரூஸ் பர்னாந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தார் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. மதிப்பீடு எவ்வளவு, கடன் யார் கொடுத்தார், அரசு ஒப்புதல் எப்போது, தண்ணீர் வரியை எதிர்த்து மன்றத்தில் பேசியது யார்? உன் ஆளுக்கும் இவற்றைக் கேள். பதில் தீர்மானப் புத்தகத்தில் இருக்கும், சிலையடியில் இருக்காது.

காகிதத்தில் ராவ் சாகிப், ராவ் பகதூர் என்று வந்தால் அது பட்டம் கிடைத்த பிறகு எழுதியது. தேதியில்லாத கடிதத்தை முன்பின் பிரிக்க இது உதவும். பெரும்பாலும் புத்தாண்டிலும் மன்னர் பிறந்தநாளிலும் பட்டியல் வெளியானது.

பக்கங்களைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடாதே, வெயிலில் காயவும் வைக்காதே. அடுத்த முறை படம் எடுக்கும்போது இரண்டு ஓரமும் முழுசாக விழட்டும். நாள்வழியின் (தினசரிக் கணக்குப் புத்தகத்தின்) பக்க எண்ணைப் பேரேட்டின் ஓரத்தில் குறிக்கும் வழக்கம் உண்டு. அது இல்லாமல் எந்த வரவு எங்கிருந்து ஏறியதென்று என்னால் சொல்ல முடியாது.

அன்புடன்,
அம்மா