ஃபெரெட்டின் கழுத்தில் பட்டை இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் ஃபெரெட்டை வளைக்குள் விட்டு முயல் பிடிக்கும் முறை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்னணுக் கழுத்துப்பட்டை வந்துவிட்டதால் இனி ஃபெரெட் தொலையும் என்ற கவலையே இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அது சரியல்ல. அந்தப் பட்டை எதையும் தொலையாமல் காப்பதில்லை. விலங்கு மண்ணுக்குள் எந்த இடத்தில், ஏறக்குறைய எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று மட்டும் சொல்லும். அதுவும் நாம் சில மீட்டர் தூரத்துக்குள் நின்றால்தான்.

முதலில் சிறு திருத்தங்கள் இரண்டு. படத்தின் கீழே ‘கீரி’ என்று போட்டிருந்தீர்கள். ஃபெரெட் கீரி அல்ல. ஐரோப்பியப் போல்கேட் என்ற காட்டு விலங்கை மனிதன் பழக்கி வளர்த்த வகை அது. நீர்நாயும் அதன் குடும்பம்தான். பெட்டை ஒரு கிலோவுக்கும் குறைவாக இருக்கும், ஆண் இரண்டு கிலோ வரை வரும். அடுத்தது முயல். நம் ஊர்க் காட்டுமுயல் வளை தோண்டாது, புதரடியில் பதுங்கிக் கிடக்கும். அதனிடம் ஃபெரெட்டுக்கு வேலையே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும் குற்றம். கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ஆசைப்பட வேண்டாம். பிரிட்டனில் பிடிப்பது ஐரோப்பியக் குழிமுயல். கூட்டமாக வளை தோண்டி வாழும் அந்த இனத்தைக் கட்டுப்படுத்துவது அங்கே நிலத்தை வைத்திருப்பவரின் கடமை என்று 1954ஆம் ஆண்டின் தீங்குயிரிகள் சட்டமே (Pests Act) சொல்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வளையின் வாய்கள்மேல் எல்லாம் சுருக்குவலையை விரித்து, முளையடித்து, ஃபெரெட்டை உள்ளே விடுவார்கள். பயந்து வெளியே பாயும் முயல் வலையில் சிக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஃபெரெட்டும் பின்னாலேயே வந்துவிடும். நடக்காத நாளும் உண்டு. முட்டுச்சந்தில் ஒரு முயல் முதுகைக் காட்டி அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஃபெரெட் அதை விட்டு நகராது. உள்ளேயே கொன்றுவிட்டால் வயிறு முட்டத் தின்று அங்கேயே சுருண்டு தூங்கிவிடும். வசந்தத்தில் குட்டிகள் இருக்கும் கூட்டைக் கண்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். இலையுதிர்ந்து புதர் மெலிந்த குளிர்காலத்தில் இந்த வேலையைச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பசியோடு விட்டால்தான் நன்றாக வேட்டையாடும் என்பது பழைய மூடநம்பிக்கை. பட்டினி கிடந்த ஃபெரெட்தான் உள்ளே கொன்று தின்று தங்கும். காலையில் கொஞ்சம் தீனி போட்டுக் கூட்டிப்போவதே சரி.

லொக்கேட்டர், அதாவது மின்னணுப் பட்டையும் அதைத் தேடும் கைப்பெட்டியும், வருவதற்கு முன் இதற்கு இருந்த வழி ‘லைனர்’. பெட்டைகள் உள்ளே தங்கிவிட்டால் பெரிய ஆண் ஒன்றின் கழுத்தில் நீளக் கயிறு கட்டி அனுப்புவார்கள். கஜத்துக்கு ஒரு முடிச்சு. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று முடிச்சை எண்ணித் தெரிந்துகொண்டு, கயிற்றைத் தொடர்ந்து தோண்டிப் போவார்கள். வேர் மண்டிய வேலியோரத்தில் கயிறு சுற்றிக்கொண்டால் இரண்டு விலங்குகளும் உள்ளே மாட்டும். அந்தத் தொல்லையைத் தீர்த்ததுதான் லொக்கேட்டரின் பெரிய உபகாரம். டெபன் நிறுவனத்தின் பழைய சாம்பல் நிறப் பெட்டி 8 அடி எட்டுவது, 15 அடி எட்டுவது என இரண்டு வகையில் வந்தது. இன்றும் பலர் அதைக் கைவிடவில்லை. புதியவற்றில் ஆழம் எண்ணாகவே தெரியும்.

ஏன் ஜிபிஎஸ் பொருத்தக் கூடாது என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். ஜிபிஎஸ் அலை 1,575 மெகாஹெர்ட்ஸ் அளவில் வருவது, ஈர மண்ணைத் தாண்டாது. சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லையும் அப்படித்தான். லொக்கேட்டர் வேலை செய்யும் விதமே வேறு. பட்டையில் உள்ள சின்னக் கம்பிச்சுருள் விட்டுவிட்டுத் துடிக்கும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கையிலிருக்கும் பெட்டி அதைப் பிடித்து ‘டிக், டிக்’ என்கிறது. பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேட மலையேறிகள் கட்டிக்கொள்ளும் 457 கிலோஹெர்ட்ஸ் கருவியின் தத்துவமும் இதுவே. மண் இந்தப் புலத்தை அதிகம் மறைக்காது. ஆனால் தூரம் இரு மடங்கானால் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் எட்ட நின்றால் எதுவும் கேட்பதில்லை, கிட்டப் போனால் சத்தம் திடீரென்று எகிறுகிறது.

இந்தக் கணக்கிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சத்தத்தின் வலுவை வைத்துத்தான் பெட்டி ஆழத்தைச் சொல்கிறது. பேட்டரி தளர்ந்து பட்டையின் வலு பாதியானால், 1 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஃபெரெட்டைப் பெட்டி சுமார் 1.26 மீட்டர் என்று காட்டும். பெட்டியைச் சரியான திசையில் திருப்பாமல் கோணலாகப் பிடித்தாலும் ஆழம் கூடுதலாகவே தெரியும். இரண்டு பிழையும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன. பெட்டி காட்டிய ஆழத்துக்கு மேலேயே விலங்கு கிடக்கும். இன்னும் ஒரு சாண் இருக்கிறது என்று நம்பி ஸ்பேடை, அதாவது மண்வெட்டியை, இறக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு முறையும் வயலில் இறங்கியதும் பட்டையைப் புல்மேல் வைத்து, அளவுநாடா பிடித்து 1 மீட்டரிலும் 2 மீட்டரிலும் பெட்டி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பத்துச் சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பேட்டரியை மாற்றிவிட வேண்டும். நேற்றுத்தானே போட்டோம் என்ற பேச்சு உதவாது, குளிரில் பட்டன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். காதுகேள் கருவிக்குப் போடும் துத்தநாக-காற்று வகைப் பேட்டரி என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸ்டிக்கரை உரித்த பிறகு ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்துத்தான் மூட வேண்டும். உரித்ததும் அதன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும், பயன்படுத்தாமல் வைத்தாலும் நிற்காது. அதன் துளையைச் சேறு அடைத்தாலோ டேப்பைச் சுற்றி இறுக்கினாலோ மூச்சடைத்து நின்றுவிடும்.

பட்டையைக் கட்டுவதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஃபெரெட்டின் கழுத்து ஏறக்குறைய தலையளவு தடிப்பு. தளர்வாகக் கட்டினால் முதல் வேரிலேயே உருவிக்கொண்டு போய்விடும். சுண்டுவிரல் நுனி மட்டும் நுழையும் இறுக்கம் போதும். கட்டிய பின் தலைப்பக்கம் இழுத்துப் பார்க்க வேண்டும். சில நிமிடம் அது காலால் பிறாண்டும், பிறகு மறந்துவிடும். பாவம் என்று வாரை அடுத்த துளைக்குத் தளர்த்திவிடாதீர்கள். பட்டை மட்டும் உள்ளே கழன்று விழுந்தால், ஒரே இடத்தில் அசையாமல் டிக் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் தோண்டியபின் வெறும் பட்டை கைக்கு வரும், ஃபெரெட் எங்கோ வேறு வாயில் வழியாகப் போயிருக்கும். பெட்டியை ஆன் செய்து, சத்தம் கேட்ட பிறகே விலங்கை வளைக்குள் விட வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் மறப்பவர்கள் உண்டு.

தேடும்போது பெட்டியை முழு வீச்சில் வைத்து, இரண்டு மீட்டர் இடைவெளியில் மேலே நடந்து போக வேண்டும். காலை ஓங்கி வைக்கக் கூடாது. முதல் டிக் கேட்டதும் நின்று, வீச்சைக் குறைத்துக்கொண்டே இடமும் வலமும், பிறகு முன்னும் பின்னும் நகர்ந்தால் சத்தம் கூடும் இடம் பிடிபடும். அங்கே ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் பெட்டியைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். ஏனென்றால் சுருள் கிடக்கும் திசையைப் பொறுத்துச் சில சமயம் நேர் மேலே சத்தம் அமுங்கி, இரு பக்கமும் உயர்ந்து கேட்கும். ஒரு பக்கத்துச் சத்தத்தை நம்பித் தோண்டினால் குழி தள்ளிப் போய்விடும். உயரழுத்த மின்கம்பி, மாட்டுக்கான மின்வேலி, சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசி எல்லாம் பொய்ச் சத்தம் தரக்கூடியவை. எல்லாவற்றையும் விட வேடிக்கையானது ஒன்று உண்டு. வெளியே வந்துவிட்ட இன்னொரு ஃபெரெட்டின் பட்டையை நிறுத்தாமல், விலங்கைத் தூக்கிப்போகும் தூக்குப்பெட்டியில் போட்டு அருகிலேயே வைத்துவிட்டால், லொக்கேட்டர் அதைத்தான் கண்டுபிடித்துக் கொடுக்கும்!

இடம் தெரிந்ததும் தோண்டத் தொடங்கக் கூடாது. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறதா என்று தெரியும். நகர்ந்தால் அது வேலை செய்கிறது, விட்டுவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் அதே இடத்தில் இருந்தால்தான் ஸ்பேடுக்கு வேலை. அவசரப்பட்டு மண்ணை இடித்தால், வெளியே பாய இருந்த முயலும் பயந்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

குறுகிய அலகுள்ள ஸ்பேடால் புல்கட்டியைச் சதுரமாக வெட்டி ஓரமாக வைத்துவிட்டு, மண்ணை ஒரு சாக்கின்மேல் குவிப்பது நல்லது, திரும்ப மூட எளிது. குழி குச்சிக்கு நேர் கீழே இல்லாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அரை மீட்டருக்கு ஒருமுறை குழிக்குள் பெட்டியை இறக்கி ஆழத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும். கிட்ட நெருங்கக் கணக்கு மேலும் துல்லியமாகும். 30 சென்டிமீட்டர் மீதி என்று காட்டும்போதே ஸ்பேடை வெளியே வைத்துவிட்டுக் கையால் தோண்ட வேண்டும். சுரங்கம் உடைந்ததும் முதல் காரியம், உள்ளே விழும் மண்ணைக் கையால் தடுத்து அள்ளுவது. ஃபெரெட் மூச்சுத்திணறிச் சாவது பெரும்பாலும் இந்தக் கடைசி நிமிடத்தில்தான். வேலிமேட்டுச் சரிவில் பெட்டி காட்டுவது செங்குத்து ஆழமல்ல, விலங்குக்கும் பெட்டிக்கும் உள்ள தூரம். சரிவின் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பாதி தூரம்கூட இருக்காது, அங்கிருந்து தோண்டுவதே மேல். நார்ஃபோக், சஃபோக் எல்லையிலுள்ள பிரெக்லாந்து போன்ற மணல் நிலத்தில் வளை ஆழமாகப் போகும், குழியின் சுவரும் சொல்லாமல் சரியும். முயலுக்காக இடைக்காலத்திலிருந்தே பண்ணை வைத்த நிலம் அது. அங்கே இடுப்பளவுக்கு மேல் ஒற்றையாளாகத் தோண்டுவது முட்டாள்தனம். வேலை முடிந்ததும் குழியை மிதித்து மூடாமல் போனால் அடுத்த நாள் மாட்டின் கால் ஒடியும், அனுமதி கொடுத்த விவசாயி அதோடு சரி.

தொலைந்தால் போகட்டும், ஒரு சிறு விலங்குதானே என்று நினைக்கக் கூடாததற்கு நியூசிலாந்து சாட்சி. முயலைக் கட்டுப்படுத்த 1880களில் அங்கே ஃபெரெட்டை ஏராளமாகக் கொண்டுவந்து விட்டார்கள். முயல் குறைந்ததோ இல்லையோ, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் கிவிக்கும் ஃபெரெட் எமனாயிற்று. 2002ஆம் ஆண்டில் அதை விற்பதையும் வளர்ப்பதையும் அங்கே தடை செய்துவிட்டார்கள். வட அயர்லாந்தின் ராத்லின் தீவில், கடற்பறவைகளைக் காப்பாற்றுவதற்காகக் காட்டில் திரியும் ஃபெரெட்டை ஒன்றுவிடாமல் அகற்றும் வேலை நடந்தது. பிரிட்டன் பெருநிலத்திலோ, தப்பியவை காட்டுப் போல்கேட்டோடு கலந்து குட்டி போடுகின்றன.

வளையை விட்டு மேலே வந்து வேலியோரமாக ஓடிப்போன ஃபெரெட்டுக்கு லொக்கேட்டர் உதவாது, அதன் வீச்சு சில மீட்டர்தான். பேட்டரி தீர்ந்துபோனாலும் இதே கதை. இருட்டும் வரை வரவில்லை என்றால், ஒன்றைத் தவிர மற்ற வாய்களை எல்லாம் மண்ணும் புல்கட்டியும் வைத்து அடைத்துவிட வேண்டும். திறந்த வாயருகே தூக்குப்பெட்டியைக் காற்றுக்கு மறைவாக வைத்து, அது படுத்திருந்த வைக்கோலைப் போட்டு, கதவைத் திறந்து வைக்க வேண்டும். தீனி வைப்பதானால் கொஞ்சமாகப் பெட்டியின் உள்மூலையில் வையுங்கள், வெளியே வைத்தால் நரிக்குத்தான் விருந்து. வெளிச்சம் வருவதற்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வைக்கோலுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கோழிக்கூட்டைச் சாத்தி வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி தேடத் தொடங்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நார்ஃபோக், இங்கிலாந்து