பாடத்தில் ஸ்கேனையும் சேர்த்துக்கொள்

சுங்கை சிப்புட்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடி கோயிலுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சாயங்காலமானால் மழைதான். நாம் படித்த மகாத்மா காந்தி கலாசாலை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். பிள்ளைகளின் சத்தம் கேட்டால் உன் நினைப்பு வராமல் இருக்காது.

மருத்துவ உதவியாளர்களுக்கு நீ எழுதும் பாடத்தில் படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்டைச் சேர்க்கலாமா, கோவிட் காலத்தில் அது உண்மையிலேயே கைகொடுத்ததா என்று கேட்டிருந்தாய். கைகொடுத்தது. கட்டாயம் சேர்.

2021 ஆகஸ்ட்டை நீ மறந்திருக்க மாட்டாய். மலேசியாவில் ஒரே நாளில் 24,000 பேருக்கு மேல் தொற்று பதிவான மாதம். நோயாளிகளை ஐந்து பிரிவாகப் பிரித்தோமே, அதில் அறிகுறியே இல்லாத முதல் பிரிவிலும் ஆக்சிஜன் தேவைப்படும் நான்காம் பிரிவிலும் குழப்பம் குறைவு. சிக்கல் எல்லாம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான். இருமல் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, நிமோனியா வந்துவிட்டதா இல்லையா? எக்ஸ்ரே ஆரம்பத்தில் சுத்தமாகவே தெரியக்கூடும். சி.டி. ஸ்கேன் என்றால் ஈப்போவுக்கு அனுப்ப வேண்டும். முழுக் கவச உடைக்குள் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதே பெரும்பாடு. கட்டிலுக்கே வரும் ஒரு சின்னக் கருவி அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய துணை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நுரையீரலுக்கு அல்ட்ராசவுண்ட் ஆகாது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காற்றில் பட்டால் இந்த ஒலியலை உள்ளே போகாது, திரும்பிவிடும், அது சரிதான். ஆனால் அது திரும்பி வரும் விதமே சேதி சொல்கிறது என்று பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிச்டென்ஸ்டைன் பல ஆண்டுகளாகக் காட்டிவந்தார். மூச்சுத்திணறலின் காரணத்தை அல்ட்ராசவுண்டால் கண்டுபிடிக்க அவர் வகுத்த புளூ (BLUE) முறை 2008இல் வெளிவந்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறை திரையில் ஒரு வெளிச்சக் கோடாகத் தெரியும், அதுதான் உறைக்கோடு. காற்று நிறைந்த நல்ல நுரையீரலில் அதன் கீழே அதே கோடு கிடையாகத் திரும்பத் திரும்பத் தெரியும். அவை ஏ கோடுகள். உறைக்கு அடியில் காற்றோடு நீர் கலந்துவிட்டால், உறையிலிருந்து செங்குத்தாக வெளிச்சக் கோடுகள் இறங்கி மூச்சோடு அசையும். அவை பி கோடுகள். ஒரு விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ தெரிந்தால் கவனிக்க வேண்டும்.

கோவிட் நிமோனியா பெரும்பாலும் இரண்டு பக்கமும், முதுகுப் பக்கத்தில், அடிப்பகுதியில்தான் முதலில் தெரியும். அதனால் உன் மாணவர்களுக்கு முதல் பாடமே இதுவாக இருக்கட்டும்: நோயாளியை உட்காரவைத்து முதுகைப் பார். நெஞ்சின் முன்பக்கம் மட்டும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. இத்தாலியில் ஒரு குழு 2020இல் 14 இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் முறையை முன்வைத்தது. அந்த மதிப்பெண் தாளைக் கையில் கொடுத்தால், இன்று பார்த்தவரும் நாளைக்குப் பார்ப்பவரும் ஒரே மாதிரி எழுதுவார்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்டது டயாலிசிஸ் நோயாளிகளிடம். நம் ஊரில் நீரிழிவும் சிறுநீரக நோயும் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார், காய்ச்சலும் இருக்கிறது. உடம்பில் சேர்ந்த நீரா, வைரஸா? இரண்டிலும் பி கோடு வரும். நீர் என்றால் கோடுகள் இரு பக்கமும் ஒரே சீராக இருக்கும், உறைக்கோடு வழவழப்பாக இருக்கும், பெரும்பாலும் அடியில் நீரும் தேங்கியிருக்கும். வைரஸ் என்றால் திட்டுத்திட்டாக வரும். நடுநடுவே நோயில்லாத இடம் விட்டு வரும், உறைக்கோடு தடித்து உடைந்து தெரியும், உறைக்கு அடியில் சின்னச் சின்னக் கட்டிகள் போலவும் தெரியும். இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு. இந்த வேறுபாட்டை உடனே பார்க்க முடிந்ததால், யாரை முதலில் டயாலிசிஸுக்கு அனுப்புவது என்று தயங்காமல் சொல்ல முடிந்தது.

ஆக்சிஜன் அளவு 96 காட்டும், மனிதர் சிரித்துக்கொண்டு இருப்பார். "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், பெரட்டுக்குப் போகலேன்னா சம்பளம் போயிடும்" என்பார், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார். அப்படிப்பட்டவருக்குத் திரையைத் திருப்பிக் காட்டுவேன். தன் நுரையீரலைத் தன் கண்ணால் பார்த்த பிறகு பலர் தங்கினார்கள். வார்த்தை அதிகம் பரிமாற முடியாத வங்காளதேசத் தொழிலாளிகளிடமும் அந்தத் திரை நன்றாகவே பேசியது.

சரி, எல்லைகளையும் அழுத்தி எழுது. பி கோடு எந்த வைரஸ் என்று சொல்லாது; இன்ஃபுளுவென்சாவிலும் வரும், பழைய தழும்பிலும் வரும். உறையைத் தொடாத ஆழமான நோய் தெரியாது. நோயின் இரண்டாம் நாளில் சுத்தமாக இருந்தால் அது உத்தரவாதம் இல்லை. முதல் வாரக் கடைசியில்தான் பலருக்கு மோசமாகும், அப்போது மறுபடி பார்க்க வேண்டும். நடக்கவிட்டு ஆக்சிஜன் அளவைப் பார்ப்பதையும் விடக்கூடாது. நடந்த பிறகு 3 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால், ஸ்கேன் எப்படி இருந்தாலும் நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அப்புறம், ஒவ்வொருவருக்கும் பிறகு புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கும் முனை), வயர், திரை எல்லாவற்றையும் துடைப்பது. தொற்று வார்டுக்கென்று தனிக் கருவி. துடைக்காத கருவியே நோயைத் தூக்கிக்கொண்டு போகும்.

இது டாக்டர்களின் வேலை, உதவியாளர்களுக்கு எதற்கு என்று உங்கள் கூட்டத்தில் யாரோ கேட்டதாக எழுதியிருந்தாய். நம் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெஸரை நினைத்துப் பார். காய்ச்சலோ பிரசவமோ பாம்புக்கடியோ, லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளிகள் முதலில் ஓடியது அவரிடம்தான். இன்று அந்த இடத்தில் நிற்பவர் உன் மாணவர். அனுப்பலாமா வேண்டாமா என்ற முதல் முடிவை அவர்தான் எடுக்கிறார். அவருக்கு இதயத்தின் இயக்கத்தை அளக்கக் கற்றுத்தர வேண்டாம். முதுகில் பி கோடு இருக்கிறதா, நெஞ்சில் நீர் இருக்கிறதா, தொடையிலும் முழங்கால் மடிப்பிலும் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று அறிய, சிரையை அழுத்தினால் மூடுகிறதா. இந்த மூன்று கேள்விக்கு விடை பார்க்கத் தெரிந்தால் போதும்.

பெருந்தொற்று ஓய்ந்த பிறகு கை மறந்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறார்களாம். டெங்கி இருக்கிறதே! பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே நீர் இறங்கியிருக்கிறதா, நெஞ்சுக்கூட்டில் நீர் உண்டா என்று பார்ப்பதற்கும் இதே கருவிதான். இங்கே ஆண்டு முழுக்க அந்த வேலை உண்டு.

பாடத்தை எழுதி முடித்ததும் அனுப்பு. பி கோடுகளுக்கு வீடியோ வேண்டுமென்றால், முறையாக அனுமதி வாங்கி, பெயர் விவரமெல்லாம் நீக்கி அனுப்பிவைக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாய் அல்லவா? இரண்டு நாள் கூடுதலாகத் தங்கு. எங்கள் உதவியாளர்களுக்கு நீயே ஒரு வகுப்பு எடுக்கலாம். நான் முதுகு காட்டி உட்காருகிறேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி