புது பேட்டரி வாங்குமுன்

அன்புள்ள தேன்மொழிக்கு,

கார் கிளம்பவில்லை, சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நாலைந்தாயிரம் ரூபாய் போகிற காரியம், அளந்து பார்க்காமல் செய்யாதே கண்ணு.

அந்தச் சத்தமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. பேட்டரியில் கொஞ்சம் மின்சாரம் இருக்கிறது, இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற அது போதவில்லை. அந்த மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சொலினாய்டு சுவிட்ச் இழுத்ததும் வோல்ட் விழுகிறது, விழுந்ததும் விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. 'டக்' என்று ஒரே சத்தத்தோடு நின்று, ஹெட்லைட்டும் மங்காமல் இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகப்படலாம். டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தும் சத்தமே இல்லையென்றால் கிளட்சை முழுசாக மிதித்தாயா என்று பார். சில வண்டிகளில் அதை மிதிக்காமல் செல்ஃப் எடுக்காது. அடுத்தது ஸ்டார்ட்டருக்கான ரிலே என்ற மின் சுவிட்சும் ஃப்யூஸும்.

உன் வண்டிக்கு முதல் வேலை டெர்மினல்தான், அதாவது பேட்டரியில் கேபிள் மாட்டும் முனைகள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் இரண்டு கிளாம்ப்பையும் கையால் அசைத்துப் பார். அசைந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும் அதே கதை. 10 நம்பர் ஸ்பானரால் முதலில் மைனஸைக் கழற்று, பிறகு பிளஸ். மாற்றிச் செய்தால், பிளஸில் இருக்கும் ஸ்பானர் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகிவிடும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஈரம் போகத் துடை. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவு.

அப்புறம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். சாதாரணமானதே போதும், 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியின் பிளஸிலும் மைனஸிலும் பிடி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி. யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைக் கவனி. முழு சார்ஜில் இருந்த பேட்டரி அப்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், அதன் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள். விழாமல் 10-க்கு மேலேயே நின்றும் மோட்டார் சுற்றவில்லையென்றால் பேட்டரி மேல் பழி இல்லை. மோட்டார், பேட்டரி மைனஸைப் பாடியோடு இணைக்கும் எர்த் கேபிள் பக்கம் தேட வேண்டும்.

இப்போதைக்கு வண்டியைக் கிளப்ப, இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஜம்பர் கேபிள் போடு. சிவப்பின் ஒரு முனை உன் பிளஸில், மறுமுனை உதவும் வண்டியின் பிளஸில். கறுப்பு அந்த வண்டியின் மைனஸில், கடைசி முனை மட்டும் உன் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. அந்த வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடி. பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதே, நடுவே அரை நிமிஷம் விடு. கேபிளை மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்று.

பேஸ்மென்ட் சரிவில் தள்ளி ஸ்டார்ட் பண்ணும் யோசனை வேண்டாம். இன்ஜின் ஓடும் வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும். பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் பெட்ரோல் பம்ப்பும் வேலை செய்யாது, தள்ளியும் பிரயோஜனமில்லை.

கிளம்பியதும் மீட்டரை மறுபடி வை. 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 12.5-லேயே நின்றால், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தர வேண்டிய ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அந்த நிலையில் புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே இறங்கிவிடும். மூன்று அளவும் சரியென்றால் டிக்கி விளக்கு, டேஷ்கேம் ஏதாவது ராத்திரி எரிந்துகொண்டிருக்கிறதா பார்.

மழையில் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறி வண்டி நனைந்திருந்தால் மட்டும் இதில் எதையும் செய்யாதே. சாவியையே போடாதே, இழுத்துப்போகும் வண்டியை வரவழை. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட்தான் வளையும்.

நின்றபோது, செல்ஃப் அடிக்கும்போது, ஓடும்போது, மூன்று அளவையும் எழுதி அனுப்பு. பேட்டரி மேல் இருக்கும் தயாரிப்புத் தேதியையும் சேர்த்து அனுப்பு. வாரன்டி மிச்சம் இருந்தால் காசில்லாமலே மாற்றிக் கொடுக்கலாம்.

அன்புடன்,
அப்பா