மெதுவாக வாசி, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஐஸ் ஹொக்கிக்கு ஓடியவன் நீ, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கும் வேண்டும். போனில் நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்று நாலு தரம் சொல்லிவிடுவாய். இதை அப்படி ஓட்ட ஏலாது. விளங்காத சொல்லுக்கு அக்காவைக் கேள். முழுக்கடிதத்தையும் படமெடுத்து அவளுக்கு அனுப்பி வாசிக்கச் சொல்லாதே, அவளுக்கு நான் இதைக் காட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், "நீங்கள் ஒருநாளும் என்னை நம்பவில்லை" என்று. விடிய ஐந்து மணிக்கு மைனஸ் இருபதில் வானைச் சூடாக்கி உன்னை அரீனாவுக்குக் கொண்டுபோனது யார் என்று நானும் கத்தினேன். போனை வைத்தபிறகு குசினியில் இருந்து யோசித்தேன். வான் ஓட்டினதும் உண்மை, நீ சொன்னதும் உண்மை.

பெரிய லீக்கான என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரரைப் பெயர் சொல்லி எடுக்கிற டிராஃப்ட், அதில் உன் முதல் வருட நாள் ஞாபகம் இருக்கிறதா? அறுபது இறைச்சி ரோல்ஸ் சுட்டேன். மாமா குடும்பம், அப்பாவோடு வேலை செய்கிற இரண்டு பேர், உன் சிநேகிதர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் நாள் முதல் சுற்று மட்டும்தான், அதில் உன் பெயர் வராது என்று நீயே சொல்லியிருந்தாய். அடுத்த நாள் மற்ற ஆறு சுற்று. ஏழு சுற்றிலும் 224 பெயர். ஐந்தாவது சுற்றில் மாமா எழும்பிப் போய்விட்டார். ஏழாவதில் நீ மடிக்கணினியை மூடவில்லை, அது தானாக இருண்டது. பிறகு நீ பேஸ்மென்ற்றுக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் சத்தம் தொடங்கியது. டப். டப். டப். பக், அந்தக் கறுத்த ரப்பர் வட்டு, சுவரில் படுகிற சத்தம். இரவு ஒரு மணிவரை அடித்தாய்.

நான் மேலே நின்று மிஞ்சின ரோல்ஸை ஃப்ரீசர் பைகளில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு டப்புக்கும் என் மனது என்ன சொன்னது தெரியுமா? அப்பாடா. இனிப் படிப்பான். இனி ஆரும் இவனைக் கண்ணாடிச் சுவரோடு வைத்து நசிக்க மாட்டார்கள். தலையில் அடிபட்டு இருட்டு அறையில் பத்து நாள் கிடக்க மாட்டான். எனக்கு ஆறுதலாக இருந்தது, தம்பி. விடிய நீ மேலே வந்தபோது என் முகத்தில் அது எழுதி ஒட்டியிருக்க வேண்டும். நீ என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் வெளியே போனாய். அடுத்த ஜூனிலும், அதற்கடுத்த ஜூனிலும் நான் ரோல்ஸ் சுடவில்லை. இருபது வயதோடு டிராஃப்ட் கணக்கு முடிந்தது. நாங்கள் அதைப்பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை.

சரி, இப்போது ஏன் கதைக்கிறேன் என்றால், வேலையிடத்தில் ஒரு கிழவர்.

நான் இரவு வேலை செய்கிற முதியோர் இல்லத்தில், என் பக்கத்து அறைகளில் ஒன்றில் இருக்கிறார். கல்கரிக்காரர், மகளுக்குக் கிட்ட இருக்க ரொறன்ரோவுக்கு வந்தவர். நித்திரை வராது. பன்னிரண்டு மணிக்கு மாத்திரை கொடுக்கப் போனால் மேற்கில் நடக்கிற ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் மகனும் விளையாடுகிறான் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எங்கே என்று கேட்டார். ஈ.சி.எச்.எல்., பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே, என்றேன். "டிராஃப்ட் ஆனவனா?" இல்லை என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எங்கள் கோப்பையைக் கொண்டுபோனவனும் டிராஃப்ட் ஆகாதவன்தான்."

மார்ட்டின் சென் லூயியைச் சொல்கிறார். உனக்குத் தெரியாத கதை இல்லை, உன் அறைச் சுவரில் அவருடைய படம் ஒட்டியிருந்தாய். அந்தப் படத்தை எத்தனை தரம் தூசி தட்டியிருப்பேன், ஆர் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கிழவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

மொன்றியலுக்குப் பக்கத்தில் லவால். 5 அடி 8 அங்குலம். வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் விளையாடி, கோலும் கோலுக்கு உதவினதும் சேர்த்து 267 புள்ளி எடுத்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தில் அவ்வளவு எடுத்தவர் வேறு ஒருவரும் இல்லை. அப்படியும் ஒரு டிராஃப்டிலும் ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. உயரம் காணாதாம். (உனக்கும் அதைத்தானே சொன்னார்கள். அந்த உயரத்தைத் தந்தது நானும் அப்பாவும்தான், கடையில் மாற்ற ஏலாது.) பிறகு கிளீவ்லாண்டில் சின்ன லீக். அங்கிருந்து 1998 இல் பெரிய லீக்கின் கல்கரி அணி எடுத்தது. கல்கரியில் இரண்டு சீசனிலும் சேர்த்து 69 ஆட்டம், 4 கோல்.

நாலுதான். கிழவர் நாலு விரலை நீட்டிக் காட்டினார். "நானும் அரங்கத்தில் இருந்து கத்தினேன், இவன் வேண்டாம் என்று" என்றார். 2000 இல் கொலம்பஸ், மினசோட்டா என்று இரண்டு புது அணி வந்தபோது, விரும்பினால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று கல்கரி அவரைப் பாதுகாக்காமல் விட்டது. அந்த இரண்டு பேரும் எடுக்கவில்லை. பிறகு கல்கரியே ஒப்பந்தத்தை முறித்து அனுப்பிவிட்டது. அந்தக் கோடையில் டாம்பா பே எடுத்தது. அந்த நாளில் டாம்பா தோற்கிற அணி.

இதிலே எனக்கு ஒன்று பட்டது, சிரிக்காதே. எல்லாரும் இந்தக் கதையை விடாமுயற்சிக் கதையாகச் சொல்கிறார்கள். கல்கரியில் அவர் விடாமல் முயற்சி செய்யவில்லையா? அங்கே அவரை எதிராளியை மறிக்கிற வரிசையில் போட்டு, ஐஸில் கொஞ்ச நேரம்தான் கொடுத்தார்கள். டாம்பாவில் ஆள் இல்லை, நேரம் கிடைத்தது. கால் அதே கால், உயரமும் அதே உயரம். 2004 இல் லீக்கிலேயே ஆகக்கூடிய புள்ளி, 94, அவருடையது. சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

அந்த வருடம் லீக்கின் ஸ்டான்லி கோப்பைக்கான கடைசித் தொடரில் டாம்பாவுக்கு எதிரே வந்தது எது? கல்கரி! மூன்றுக்கு இரண்டு என்று கல்கரி முன்னுக்கு நின்றது. ஆறாவது ஆட்டம் கல்கரியில். வென்றால் கோப்பை. கிழவர் இந்த இடத்தில் படுக்கையில் நிமிர்ந்து உட்காருவார். தட்டில் இருக்கிற புடிங் கிண்ணத்தைச் சரித்து வைத்தால் அது கோல். என்னுடைய மாத்திரைக் குப்பி மூடிதான் பக். மூன்றாவது பீரியட்டில் கல்கரியின் ஷெலினாவின் காலில் பட்ட பக் டாம்பா கோலியின் காலடிக்குப் போனது, கோட்டைத் தாண்டியதா இல்லையா? "உள்ளே!" என்று மூடியைக் கிண்ணத்துக்குள் தள்ளுவார். நடுவர் கோல் கொடுக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த மனிதர் அந்த மூடியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். பிறகு கூடுதல் நேரம், அதிலும் முடியாமல் இரண்டாவது கூடுதல் நேரம். அது தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சென் லூயி அடித்தார். இரண்டு நாள் கழித்து டாம்பாவில் ஏழாவது ஆட்டம், 2-1, கோப்பை போய்விட்டது.

"காசு வாங்காமல் அனுப்பினோம்" என்று சொல்லிவிட்டுப் புடிங்கைச் சாப்பிடத் தொடங்குவார். இதுவரை ஐந்து தரம் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் அந்தப் பக் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது.

நீயும் அப்படி வருவாய் என்று சொல்லத்தான் அம்மா இவ்வளவும் எழுதுகிறாள் என்று நினைக்காதே. எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. ஒரு சென் லூயிக்குப் பின்னால் இருபத்தாறு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினவர்கள் எத்தனை பேர் என்று உன் பஸ்ஸில் இருக்கிறவர்களைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். உனக்குச் சீசனில் மட்டும்தான் கிழமைச் சம்பளம், கோடையில் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும், நீ சொல்லாவிட்டாலும்.

கிழவர் சொன்ன இன்னொன்றுதான் என்னைப் பிடித்தது. 2014 இல் சென் லூயிக்கு வயது 38. அந்த வருடம்தான் நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்கு மாறியிருந்தார். மே 8 ஆம் தேதி அவருடைய தாய் மாரடைப்பில் போய்விட்டார். மகன் உடனே வீட்டுக்குப் போனார், ஆனால் அடுத்த நாளே பிட்ஸ்பர்க்கில் இறங்கி விளையாடினார். அதற்கடுத்த ஆட்டம் மே 11, நியூயோர்க்கில். அன்றைக்கு அன்னையர் தினம். தகப்பனும் சகோதரியும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கோல் அவருடையது. கிழவர் இதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை, குப்பைப் பையை மாற்றுகிற சாட்டில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன்.

அன்று விடியும்வரை எனக்கு ஒரே யோசனை. அந்தத் தாய், மகன் பெயர் வராத வருடங்களில் லவாலில் தன் குசினியில் என்ன நினைத்திருப்பார்? எழுதுகிறவர்கள் அன்றைக்கு மகன் எவ்வளவு கவலைப்பட்டான் என்று எழுதுகிறார்கள். தாயைக் கேட்டு ஆரும் எழுதினதாக நான் பார்க்கவில்லை. அவரும் அப்பாடா என்றிருந்தால்? அப்படியே இருந்தாலும் அன்றைக்கு அந்தக் கோல் அவருக்குத்தானே.

இனி அம்மா வேலை. ஒரே ஒரு பந்திதான், தாங்கிக்கொள். ஜூனியர் லீக்கில் நீ விளையாடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புக் காசு உனக்குச் சேர்ந்திருக்கிறது. புரொஃபெஷனலாக விளையாட விளையாட அது கையை விட்டுப் போகிற மாதிரி விதி இருக்கிறதாம், அக்கா சொன்னாள். திகதியை ஏஜென்டிடம் கேட்டு எழுதி வை. விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. கேட்டு வை. மார்க் ஜோர்டானோவை நினைத்துப் பார். எங்கள் ரொறன்ரோ பிள்ளை, அவரும் டிராஃப்ட் ஆகாதவர். 2004 இல் யோர்க் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போக ஆயத்தமாக இருந்த நேரத்தில்தான் கல்கரி முகாமுக்குக் கூப்பிட்டது. ஒப்பந்தம் சரிவராமல் ஒரு சீசன் மொஸ்கோவிலும் போய் விளையாடினார். திரும்பி வந்து கல்கரிக்கே கப்டன், 35 வயதில் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர். "ஒருவனை விட்டோம், ஒருவனைப் பிடித்தோம்" என்று கிழவர் கணக்கைச் சரிப்படுத்துவார். யோர்க்குக்கான வழியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவர் முகாமுக்குப் போனார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

மற்றது, எனக்காக ஒன்றையும் நிரூபிக்காதே. அந்த 224 பேரைச் சொன்னவர்களுக்கு நிரூபிக்கிறாயோ என்னவோ, அது உன் பாடு. ஆனால் என் முகத்தில் அன்றைக்குப் பார்த்ததை மாற்றுவதற்காக முழங்கால் வலியோடு ஐஸில் இறங்குகிறாய் என்றால் அது வேண்டாம். நான் பயந்தேன், நம்பாமல் இல்லை. இரண்டும் ஒரே முகத்தில்தான் தெரியும், பிள்ளைக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? அப்போதே சொல்லியிருக்க வேண்டியது நான்தான்.

இங்கே எல்லாம் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூட. பேஸ்மென்ற் சுவரைப் பூசுகிறேன் என்று அப்பா ஒவ்வொரு கோடையும் சொல்கிறார், நான் விடவில்லை. கறுத்த அடையாளம் எல்லாம் அப்படியே இருக்கிறது. உடுப்புத் தோய்க்கப் போகும்போது பார்ப்பேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பட்டிருக்கிறது, வலது மேல் மூலையில். அன்றைக்கு அந்த இருட்டிலும் குறி பார்த்துத்தான் அடித்திருக்கிறாய்.

நத்தாருக்கு அடுத்த கிழமை எனக்கு ஆறு நாள் லீவு எழுதித் தந்துவிட்டார்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன், அப்பா வரமாட்டார், உனக்குத் தெரியும்தானே, பிளேன் என்றால் பயம். உன்னுடைய இரண்டு ஆட்டம் அந்த நாட்களில் இருக்கிறது, அட்டவணையைப் பார்த்துத்தான் எடுத்தேன். கண்ணாடிக்குப் பக்கத்து இருக்கை வேண்டாம், கொஞ்சம் மேலே எடு. அங்கே இருந்தால் என் கைவிரல் இடுக்கால் பார்க்க வசதி.

அமெரிக்க எல்லையில் இறைச்சி விடமாட்டார்களாம். பரவாயில்லை, மிளகாய்த்தூள் மட்டும் கொண்டுவருகிறேன், மற்றதெல்லாம் அங்கே வாங்கலாம். உங்கள் வீட்டுக் குசினியில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி ஆழமான சட்டி ஏதும் இருக்கிறதா? அணியில் மொத்தம் எத்தனை பேர் என்றும் சொல். ஆளுக்கு மூன்று ரோல்ஸ் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், காணுமோ தெரியாது.

அன்புடன்,
அம்மா