தம்பிக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீ, மருமகள், பாப்பா மூவரும் நலமாக இருக்க பெரியபாளையத்தம்மன் துணை.

மகாபலிபுரத்திலிருந்து வந்து இன்றோடு 10 நாள் ஆகிறது. நீ ஒரு போன் பண்ணவில்லை. அம்மா அனுப்பின போட்டோவுக்கெல்லாம் கட்டைவிரல் மட்டும் போட்டிருக்கிறாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். எனக்கும் "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் வாயில் வார்த்தை வராது.

முதலில் ஒன்று. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் முழிக்காதே.

பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. பால் வாங்கப் போனால் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள், "பையன் ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனானாமே" என்று. ஆமாம், ஒரு வாரம், கடலைப் பார்த்த ரூம் என்று நானும் நின்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் ஒரு வாரம் எதற்குடா? இரண்டு நாள் போதாதா? கதவுக்குப் பின்னால் ரேட் ஒட்டியிருந்தது. இரண்டு ரூம், 6 ராத்திரி. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் நான் இளநீர் வேண்டாம் என்றது. வயிறு சரியில்லை என்று சொன்னது பொய்.

ஒரு வாரம் முழுசாக வேலை இல்லாமல் உட்கார்ந்தது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை என்று எழுத வந்தேன். அது உண்மை இல்லை. அப்புறம் சொல்கிறேன்.

காலையில் அந்த ஹாலில் அத்தனை வகை வைத்திருந்தும் அம்மா இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள் என்று நீ கோபப்பட்டாய். கோபப்படாதே. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தனக்குத்தானே போட்டுக்கொள்வது அவளுக்குக் கூச்சம். இத்தனை வருஷம் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தவள். மூன்றாம் நாளிலிருந்து பாப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய் எல்லாம் எடுத்தாளே, பார்த்தாயா. மீன் மட்டும் கடைசி வரை ஒப்பவில்லை. வஞ்சிரத்தை வாயில் வைத்ததும் ஐஸில் நாலு நாள் கிடந்தது என்றாள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் நின்று வாங்கிப் பழகினவள், அவள் நாக்கை ஏமாற்ற முடியாது. ஆனால் திருக்கழுக்குன்றத்தில் 500-க்கு மேல் இருக்கிற படி அத்தனையும் அவள் ஏறினதை நினைத்தால் எனக்கே ஆச்சரியம். முழங்கால் வலி என்று மருந்துக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. முட்டுக்காட்டில் மழை வந்து படகு ஏற முடியாமல் போனதற்குப் பாப்பா அழுதாள். இன்னொரு தடவை கூட்டிப் போகலாம், அவசரமில்லை.

பாப்பா ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, உங்க வீட்டுக் கடல்ல ஏன் மணலே இல்ல, வெறும் கல்லா இருக்கு?" நான் சரியாகச் சொல்லவில்லை, நீ பொறுமையாகச் சொல். வருஷத்தில் பாதிக்கு மேல் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வரும். 1875-ல் அடிக்கல் போட்டுத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வந்த மணல் சுவரில் முட்டி அந்தப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அப்படித்தான் அகலமானது. நம் பக்கம் வர வேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரத்துக்கு வடக்கே கடல் அரித்து வீடு, தெரு என்று எடுத்துக்கொண்டது. அதனால்தான் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். உன் தாத்தா வலை காயவைத்த இடம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. கால் புதையப் புதைய நான் மணலில் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. செருப்பில் ஒட்டின மணலை இன்னும் தட்டாமல் வைத்திருக்கிறேன்.

அர்ச்சுனன் தபசு முன்னால் எங்களை நிறுத்திப் போட்டோ எடுத்தாய். ஏறக்குறைய 100 அடி நீளப் பாறை. யானை, நாகர், முனிவர் என்று அத்தனை பேர் இருக்க, ஒற்றைக்காலில் கை தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் பாப்பா கண்டுபிடித்தாளே! என் கண்ணில் பட்டது வேறு. கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் ஆப்பு இறக்கத் துளை போட்டிருந்தது. வரிசையாக, எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. எந்தக் காலத்துக் கல்தச்சனோ. 30 வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு அதை விட்டு நகர முடியவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டாம் கணு வரை உள்ளே போனது. இவ்வளவு சுத்தமாகத் துளை போட்டவன் பிளக்காமல் ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று உன்னைக் கேட்டேன். "வேலை நின்னு போயிருக்கும்பா" என்று சொல்லிவிட்டு நீ வேறு பக்கம் பார்த்தாய்.

தம்பி, நான் எதையும் கேட்கப் போவதில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்தபோது நாலு நாளில் மூன்று நாள் லேப்டாப்பும் கையுமாக மொட்டை மாடியிலேயே இருந்தாய். கழுத்தில் அந்த நீல நாடாவோடு தூங்கிப்போனாய், அம்மாதான் கழற்றி ஆணியில் மாட்டினாள். இந்தத் தடவை ஒரு வாரமும் லேப்டாப் பை அலமாரி மேல்தட்டில் ஜிப் திறக்காமல் இருந்தது. நாடாவைக் காணோம். முதலைப் பண்ணையில் பாப்பா, "இப்பல்லாம் அப்பாதான் தாத்தா என்னை ஸ்கூல்ல விடுறாங்க, அவங்களேதான் கூட்டிட்டும் வராங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். மருமகள் உடனே அவளைத் திருப்பி முதலைக்குட்டியைக் காட்டினாள். கிளம்பும் நாள் கவுன்டரில் முதல் கார்டு போகவில்லை, இரண்டாவதை எடுத்தாய். நெட்வொர்க் இல்லை என்றாய். இருக்கலாம். புதன்கிழமை விடிவதற்கு முன்னால் நீ ஈர மணலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பால்கனியிலிருந்து பார்த்தேன். அலை வந்து பேன்ட் நனைந்தும் எழுந்திருக்கவில்லை. கீழே வரலாம் என்று செருப்பை மாட்டினேன். வந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண் முழிக்காதே. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறது எனக்கு.

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனோமே, அங்கேதான் எனக்கு விளங்கியது. "உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையேப்பா" என்று கேட்டேன். நீ அந்தக் கல்லறைக் கற்களுக்கு நடுவே நின்றுகொண்டு, டச்சுக்காரர்கள் வந்தது, மஸ்லின் துணியைக் கப்பல் ஏற்றினது, அப்புறம் இங்கிலீஷ்காரன் பிடித்தது என்று அரை மணி நேரம் நிறுத்தாமல் சொன்னாய். கல்லில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே பேசினாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படிப் பேசுவதை நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய்.

உனக்கு அப்போது 9 வயது. ஃபேக்டரி கேட்டில் நோட்டீஸ் ஒட்டிப் பூட்டுப் போட்ட மறுநாளும் நான் 7 மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, மதியம் அங்கேயே சாப்பிட்டு, ஷிப்ட் விடும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். இப்படி 40 நாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் அரை நாளில் விட்டு, நீ பையன்களோடு அந்தப் பக்கம் வந்தாய். என்னைப் பார்த்துவிட்டு, "அப்பா, வேலைக்குப் போலயா?" என்றாய். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். இந்த ஸ்டேஷன் 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவிலேயே முதல் பயணிகள் ரயில் இங்கேயிருந்துதான் ஆற்காட்டுக்குப் போனது, அந்தத் தூணைப் பார், எவ்வளவு உயரம் பார் என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்புறம் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லாதடா" என்றேன்.

நீ சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அம்மா "இன்னைக்கு வேலை ஜாஸ்தியா" என்று என்னைக் கேட்டாள். நீ தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், ரசம் விரல் வழியாக வழிந்து தட்டுக்கு வெளியே போனது. இன்றைக்கு வரைக்கும் நீ அதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் பேசினதில்லை. கஷ்டம் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அது என் தப்பு. அந்தக் கோட்டையிலேயே உன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும், அங்கேயும் சொல்லவில்லை.

அந்த 40 நாளில் கந்துவட்டிக்கு வாங்கி, சம்பளம் என்று அம்மா கையில் கொடுத்தேன். கொருக்குப்பேட்டை லேத் பட்டறையில் சேர்ந்த பிறகும் அந்தக் கடன் 4 வருஷம் இழுத்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் அவள் ஒரு வளையலோடு முடிந்திருக்கும்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "சட்டையைத் துவைச்சது யாரு? நாப்பது நாளும் ஒரு பொட்டு கிரீஸ் இல்ல" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் இட்லிக்கு ஊறப்போட்டாள். மருமகளும் உன் கூடத்தான் இருக்கிறாள், அதை மனசில் வை.

மாடி போர்ஷன்காரர் தீபாவளி கழித்துக் காலி பண்ணுகிறார். வேறு ஆளுக்கு நான் பேசவில்லை. புரோக்கர் இரண்டு தடவை வந்தார், இப்போது விடுவதாக இல்லை என்று அனுப்பிவிட்டேன். தண்ணீர் டேங்க் கழுவியாகிவிட்டது, பாத்ரூம் குழாய் மட்டும் ஒழுகுகிறது, நானே மாற்றிவிடுவேன். போஸ்ட் ஆபீஸில் போட்ட பணம் மாசியில் முதிர்கிறது. எங்களுக்கு அதில் ஒரு செலவும் இல்லை.

தீபாவளிக்கு எனக்கு வேட்டி எடுக்காதே. அம்மாவுக்கும் புடவை வேண்டாமாம், பீரோவில் பிரிக்காதது இரண்டு இருக்கிறது. பாப்பாவுக்கு மட்டும் எடு. வருவதற்கு ஒரு நாள் முன்னால் சொல். விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போனால்தான் நல்ல சங்கரா கிடைக்கும்.

சாப்பிட்டுத் தூங்கு.

இப்படிக்கு,
அப்பா